எழுபத்தொன்றாவது கிளாம்பு

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது என்பாள். இது என் தங்கையின் புருஷனுக்கு, எங்கள் மாப்பிள்ளைக்கு நடந்தது. பாதியை நானே அந்த மைதானத்தில் இருந்து பார்த்தேன். மீதியை அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் எவ்வளவு கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு நகராட்சியில் ஆய்வாளர் வேலை. பொது நிகழ்ச்சிகளுக்குத் தற்காலிகமாகப் போடுகிற மேடை, கேலரி, வளைவு எதுவானாலும் அவர் வந்து பார்க்க வேண்டும். பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கட்டினால்தான் அதில் ஆள் ஏறலாம். சிவப்பு அட்டை கட்டிவிட்டால் எப்பேர்ப்பட்ட கொம்பன் வந்தாலும் நிகழ்ச்சி கிடையாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், சுத்தமான கை. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது.

இரும்புக் குழாய்களைப் பிணைக்கிற கிளாம்புகளை ஆய்வாளரே கேலரிக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. முட்டி வலி வந்ததிலிருந்து இவர் போவதில்லை. ஃபிட்டரை ஸ்பேனரோடு உள்ளே அனுப்புவார். அவன் ஒவ்வொரு கிளாம்பாகத் தட்டிக்கொண்டே போவான். இவர் வெளியே நின்று, சத்தத்தைக் கேட்டுத் தாளில் டிக் அடிப்பார். இறுகியிருந்தால் ‘டிங்’. தளர்ந்திருந்தால் ‘டொக்’. “என் காது ஏமாறாது மச்சான்” என்று என்னிடமே எத்தனையோ தடவை பீற்றியிருக்கிறார்.

அன்றைக்குப் பள்ளி ஆண்டு விழா. ஆறு மணிக்கு ஆரம்பம். கேலரியில் ஆறு வரிசையாக நின்று பிள்ளைகள் பாட வேண்டும். மாப்பிள்ளையின் ஒரே பெண்ணும் அதில் பாடுகிறாள். ஒன்பது வயசு, வீட்டில் எல்லோருக்கும் ‘வாலு’. மேல் வரிசையில் நடு இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு வாரமாக வீட்டில் கால் தரையில் படவில்லை அவளுக்கு.

மாப்பிள்ளை மைதானத்துக்குப் போனபோது மணி 4:50. வழக்கமாக ஏழெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அன்றைக்குக் கண்ட்ராக்டர் மட்டும் காகிதக் கோப்பையில் டீயோடு நின்றார்.

“ஆளுங்க எங்கய்யா?”

“வேற இடத்துக்கு அனுப்பிட்டேன் சார்.”

“குச்சி?”

குச்சி என்பது ஃபிட்டர். ஆள் அவ்வளவு ஒல்லி. ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா... மூடவே மூடாது.

“அவன்... உள்ள இருக்கான் சார். காலையிலயே எல்லாத்தையும் தட்டிப் பாத்தாச்சு. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”

“அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம்” என்றார் மாப்பிள்ளை. குரலை உயர்த்தினார். “டேய் குச்சி! ஆரம்பிடா!”

எப்போதும் “வணக்கம் சார், வீட்ல சௌக்கியமா?” என்று உள்ளேயிருந்து கத்துவான். அன்றைக்குப் பதில் இல்லை. கண்ட்ராக்டர் தாளை இவர் பக்கம் நீட்டினார். “தூங்கிட்டான் போலிருக்கு சார், நீங்க...”

டிங்.

மணி 4:56. மாப்பிள்ளை முதல் டிக்கை அடித்தார். பக்கத்தில் கண்ட்ராக்டரின் கோப்பை சரிந்து, சூடான டீ மொத்தமும் அவர் காலிலேயே கொட்டியது. மனுஷன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

டிங். டிங். டிங்.

பத்து, இருபது, நாற்பது. எல்லாம் சரியான சத்தம். ஆனால் ஏதோ உறுத்தியது என்று மாப்பிள்ளை சொன்னார். கீழே முழுக்க ஜல்லி. ஒருத்தன் அதில் தவழ்ந்தால் சரசரவென்று கேட்க வேண்டுமா இல்லையா? கேட்கவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும். இடைவெளி கூடாமல், குறையாமல்...

“என்னடா, பேச்சையே காணோம்? பொண்டாட்டி திட்டினாளா?”

டிங்.

அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபது.

டொக்.

மணி 5:12. அது மேல் வரிசையின் நடுவில், பலகைக்கு நேர் கீழே இருக்கிற கிளாம்பு.

“குச்சி, அதை இறுக்கு.”

டொக்.

“இறுக்குடான்னா!”

டொக். டொக். டொக்.

மாப்பிள்ளைக்கு எரிச்சல் வந்தது. வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உள்ளே மங்கலான வெளிச்சம். ஒரு நீலத் தார்ப்பாய். அதற்கு வெளியே இரண்டு உள்ளங்கால்கள். மல்லாந்து படுத்து வேலை செய்கிறான் என்று நினைத்தார்.

கால்கள் இரண்டாவது வரிசைக்குக் கீழே இருந்தன.

சத்தம் ஆறாவது வரிசையிலிருந்து வந்தது.

“உள்ள எத்தனை பேர்யா இருக்காங்க?”

“ஒருத்தன்தான் சார்.”

சொல்லிக்கொண்டே கண்ட்ராக்டர் திரும்பிக் கத்தினார். “ஜெனரேட்டரைப் போடுங்கய்யா! உடனே போடுங்க!”

மைதானமே அதிர்ந்தது. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. “இறுக்கிட்டான் சார்! நல்லா கேட்டேன்!” என்று கண்ட்ராக்டர் காதருகில் கத்தினார்.

இன்னும் இருபத்தைந்து கிளாம்பு பாக்கி. பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். வாலு ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, சீக்கிரம் போடுங்கப்பா! உங்களாலதான் எங்களை ஏற விடமாட்டேங்கிறாங்க!”

மாப்பிள்ளை ஒரு தடவை கேலரியைப் பார்த்தார். ஒரு தடவை மகளைப் பார்த்தார்.

5:24. கையெழுத்துப் போட்டார். பச்சை அட்டையைக் கட்டினார்.

நானும் என் தங்கையும் இரண்டாவது வரிசை நாற்காலியில் இருந்தோம். ஆறு வரிசையும் நிறைந்தது. வாலு உச்சியில் நின்று எங்களுக்குக் கையாட்டினாள்.

5:58. ஜெனரேட்டர் திக்கி நின்றது.

நான்கைந்து விநாடி இருக்கும். அவ்வளவு பெரிய கூட்டமும் அமைதியானது. அப்போதுதான் அது கேட்டது. எனக்கும் கேட்டது.

டொக்.

டொக். டொக்.

டொக் டொக் டொக் டொக்...

வாலு தன் காலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

“இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!” மாப்பிள்ளை ஓடினார்.

சத்தம் நின்றது.

ஐயோ...

கேலரி சரிந்ததில் எட்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். எங்கள் வாலு அதில் ஒன்று. என் தங்கை அன்றிலிருந்து மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இடிபாட்டுக்கு அடியில் குச்சியையும் எடுத்தார்கள். பாவம், அவனும் நசுங்கிவிட்டான் என்றுதான் நினைத்தோம். மறுநாள் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. கழுத்து முறிந்து செத்திருக்கிறான். மேல் வரிசையில் எழுபத்தொன்றாவது கிளாம்பை இறுக்கும்போது தவறி விழுந்தான் என்று பின்னால் கண்ட்ராக்டரே ஒப்புக்கொண்டார். அறிக்கைப்படி செத்த நேரம், மதியம் இரண்டரை மணி வாக்கில்.

“4:56க்குத் தட்டினான் சார், நான் டிக் அடிச்சிருக்கேன்” என்று மாப்பிள்ளை காவல் நிலையத்தில் தாளைத் தூக்கிக் காட்டினார். அழுத்தி அடித்த எழுபது டிக். குற்ற உணர்ச்சியில் மூளை குழம்பிவிட்டது என்றார்கள். எனக்கும் கேட்டது என்று நான் சொன்னேன், என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

நாலாம் நாள் கண்ட்ராக்டர் பிடிபட்டார். அவருடைய வாக்குமூலத்தை அதிகாரி எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

“சத்தம் எனக்கும் கேட்டது. மூணு மணிக்கு நான்தான் அவனை உள்ள இழுத்துப் போட்டு மூடினேன். மூச்சு இல்லைன்னு தெரிஞ்சுதான் மூடினேன், வெளியில தெரிஞ்சா விழாவை நிறுத்திடுவாங்க. எழுபது வரைக்கும் பயந்துக்கிட்டு நின்னேன். எழுபத்தொண்ணுல, செத்தும் என்னைக் காட்டிக் கொடுக்கிறான்னு புரிஞ்சுது. அதான் ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன்.”