மிச்சிகோ ஆன்ட்டி வீட்டு சைவச் சாப்பாடு

ஜப்பான்காரர்களிலும் சுத்த சைவம் உண்டு, அதுவும் என் பக்கத்து வீட்டிலேயே உண்டு என்று ஒரு வருஷமாகத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அந்தத் தம்பட்டம் கிழிந்தது. என் வாயாலேயே கிழிந்தது.

அமெரிக்காவில், சான் ரமோனில் எங்களுக்கு அடுத்த வீடு மிச்சிகோ ஆன்ட்டியுடையது. அறுபத்தைந்து வயதிருக்கும். போன வருஷம் மார்ச்சில், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவர் கணவர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார்... போய்விட்டார். ஆம்புலன்ஸ் வரும் வரை நானும் என் கணவரும்தான் கூட இருந்தோம். ஒரே மகள் எமி ஹூஸ்டனில். நிறைமாதம். பிளேனில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பெரியவர் இருந்தவரை அவர்கள் வீட்டிலிருந்து என்ன வந்தாலும் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவோம். வேறு வழி? சூப்போ, காயோ, எதற்கும் அடிப்படை காய்ந்த மீனைச் சீவிப்போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். நானோ திருநெல்வேலி சைவ வீட்டில் பிறந்தவள். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். என் வழக்கமான வாசகர்களுக்கு இந்தப் புராணம் மனப்பாடமாகியிருக்கும்!

அவர் இறந்து கொஞ்ச நாள் கழித்து ஆன்ட்டி ஒரு டப்பாவோடு வாசலில் நின்றார். "மீன் இல்ல. கடல்பாசி, காளான்... அந்தத் தண்ணிலதான் சமைச்சேன். நீங்க சாப்பிடலாம்."

சாப்பிட்டோம். தாமரைக்கிழங்கும் கேரட்டும் டோஃபுவும் போட்டுப் பதமாக வேகவைத்தது. வறுத்த எள்ளை அரைத்துப் புரட்டிய பசலைக்கீரை. காரமில்லை, தாளிப்பில்லை, ஆனாலும் என்ன ருசி! அமெரிக்காவில் பிறந்த என் மகள் நித்யா, நான் கீரை வைத்தால் ஓடி ஒளிபவள், டப்பாவை வழித்துவிட்டு, "அம்மா, கேன் யூ மேக் திஸ்?" என்றாள்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் டப்பா வந்தது. டப்பா எப்போதும் மீன் இல்லாமல்தான் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் சகவாசத்தில் ஒரு ஜப்பானிய அம்மாள் சைவமாகிவிட்டார் என்று பக்கத்து ஊரான பிளசன்டன் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். ஆன்ட்டியிடமும், "கடைசி வரைக்கும் இப்படியே இருங்க" என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தேன். அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார்.

துக்க வீட்டில் சமையல் மாறியிருக்கிறதே, ஏன் என்று கேட்கத் தோன்றியதா? இல்லை. ரெசிபி கேட்டேன்.

போன வாரம் எமி ஒரு வயதுக் குழந்தையோடு வந்திருந்தாள். வேலிப் பக்கம் பார்த்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன்: உங்கம்மாவும் எங்களைப்போல வெஜிடேரியன் ஆகிவிட்டார்கள், எவ்வளவு சந்தோஷம் தெரியுமா...

எமியின் முகம் மாறியது. அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அம்மா வெஜிடேரியன் ஆகல. அது எங்க துக்கச் சாப்பாடு. நாப்பத்தொன்பது நாள் மீன், கறி எதுவும் சேர்க்க மாட்டாங்க. அது முடிஞ்சதும் வந்தவங்களோட உக்காந்து மீன் வச்சுச் சாப்பிட்டாத்தான் துக்கம் கழிஞ்சதா அர்த்தம். அம்மா அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடவே இல்ல. எவ்ளோ இளைச்சுட்டாங்க பாருங்க. நான் போன்ல கேக்கும்போதெல்லாம், 'பக்கத்து வீட்ல இதுதான் பிடிச்சிருக்கு'ன்னு சொல்றாங்க."

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரிலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வடை, பாயசத்தோடு இலை போடுவார்கள். சொந்தபந்தம் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால்தான் அந்த வீட்டுக்கு மறுபடி நல்ல நாள் பிறக்கும். யாரும் வராமல் ஒரு பெண் தனக்குத்தானே இலை போட்டுக்கொள்வாளா? அவர் ஒரு வருஷமாகத் துக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் காலை ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். "அந்தச் சாப்பாட்டை ஏன் ஆன்ட்டி சமைக்கல?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு மெதுவாக, "எமி வர முடியல. அன்னிக்கு அவர் பக்கத்துல இருந்தவங்க நீங்க ரெண்டு பேர்தான். மீன் வச்ச டேபிள்ல உங்களை எப்படி உக்காரச் சொல்றது?" என்றார்.

அவர் காத்திருந்தது எனக்காகத்தானா? என் சைவத்துக்கு மரியாதை கொடுத்து ஒரு வருஷம் வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறார்.

"உக்காருவோம். வாங்க, மீன் வாங்கப் போலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு மீன் கடை வாசல்லயே தலை சுத்துமே. நிஜமாவா சொல்ற?"

"சுத்தினா பிடிச்சுக்கோங்க."

சான் ஹோசேயில் உள்ள ஜப்பானியக் கடைக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். ஐஸ் மேல் வரிசையாகக் கிடந்தவற்றில் எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன். ஆன்ட்டி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். கடைக்காரரிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ கறாராகச் சண்டை போட்டார். இந்த மிச்சிகோ ஆன்ட்டியை நான் ஒரு வருஷமாகப் பார்க்கவே இல்லை.

உப்புத் தடவிச் சுட்ட மீன் ஆன்ட்டி வீட்டு மேஜையின் நடுவில் இருந்தது. எனக்கும் என் கணவருக்கும் நித்யாவுக்கும் தனியாக டோஃபுவும் கீரையும். வாடை குப்பென்று வந்தது. பொய் சொல்வானேன்? ஒரு நொடி மூக்கைப் பொத்திக்கொண்டேன். எமி எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

ஆன்ட்டி ஒரு சின்னத் துண்டைக் குச்சியால் எடுத்து வாயில் வைத்தார். மென்றுகொண்டே இருந்தார். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "அவருக்கு உப்பு இன்னும் கொஞ்சம் வேணும்" என்றார். கணவரைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே பேசி நான் கேட்டது அன்றுதான்.

தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, போதும் என்பதுபோலக் குச்சிகளைக் கீழே வைத்தார். எங்கள் ஊர்ப் பந்தியில் அப்படி விட்டுவிடுவோமா? கரண்டியைப் பார்த்தேன், எட்டவில்லை. கையாலேயே ஒரு பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்து, "இன்னும் ஒண்ணு சாப்பிடுங்க ஆன்ட்டி" என்றேன்.

அந்தக் கையை நான் கழுவவே இல்லை என்று சொன்னால் பொய். கழுவினேன்... அவர் அந்தத் துண்டையும் சாப்பிட்டு முடித்த பிறகு.