கிட்னி போட்ட ஆர்டர்

ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. ஊசி பிடித்துப் பிழைத்த சகபாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! தொண்ணூறுகளில் பர்மாவில், யாங்கோன் நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். அங்கே டாக்டரும் ‘சயா’, நானும் ‘சயா’; பர்மிய மொழியில் ‘ஐயா’ மாதிரி. அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் மனம் ஏங்குகிறது.

சிவப்புப் பாட்டில்

சந்தையில் துணிக்கடை வைத்திருந்த ஜுபைதா அக்காவின் கணவர், ரத்தினச் சுரங்கப் பக்கம் வியாபாரத்துக்குப் போய் மலேரியாவோடு திரும்பினார். ஆள் வெளுத்துப்போயிருந்தார். ரத்தம் ஊறட்டும் என்று அக்கா வேளை தவறாமல் பீட்ரூட் சாறு புகட்டியதில், ஒருநாள் சிறுநீர் சிவந்துவிட்டது. மலேரியா முற்றி ரத்தமே வெளியேறுகிறது என்று பயந்து, பாட்டிலோடு அழுதுகொண்டே ஓடிவந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு, பீட்ரூட் சாயம்தான் என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாயம் போற சரக்கை நான் கடைக்கே வாங்க மாட்டேன், சயா!"

வராத சரக்கு

ஜுரம் தணிந்தும் ரத்த அளவு ஏறவில்லை. இன்னும் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. வெளியிலிருந்து ஏற்றலாமென்றால், அவருடைய வகை ரத்தமோ குதிரைக்கொம்பு. எங்கள் டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து, புது அணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுமாம். மலேரியாவின் தாக்கம் தீரும்வரை மஜ்ஜை அதைச் சரியாகக் காதில் போட்டுக்கொள்ளாதாம். அக்கா பெருமூச்சு விட்டார்.

"கிட்னி ஆர்டர் போட்டாச்சு, மஜ்ஜை சரக்கு அனுப்பல. மொத்த வியாபாரிங்கதான் இப்படின்னா, உடம்புக்குள்ளயுமா சயா?"

புதுவரவு

அதன்பின் அக்கா தினமும் வந்து எங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். ஒரு காலையில் அவர் கணவரின் ரத்தத்தில் சாயம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நீல வலை பின்னிய இளம் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன! மஜ்ஜை வேலையைத் தொடங்கிவிட்டது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோய், அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பேசினார், என்னிடமல்ல, அந்த அணுக்களிடம்.

"வந்துட்டீங்களா, என் கண்ணுங்களா! வாங்க, அந்த மனுஷன் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு."

அத்தனை வருஷ உத்தியோகத்தில் ரத்த அணுக்களுக்காவது அப்படியொரு வரவேற்பு கிடைத்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் ‘மெதுவா குத்துங்க சயா’தான்.