நீலக் குதிரையா, ஏணியா?

பழைய ராக் இசைத்தட்டு விற்கிற கடையில் வியாபாரத்தைவிடப் பஞ்சாயத்துதான் அதிகம் நடக்கும். வாங்க வருகிறவர் ஒருவர் என்றால், அவர் வாங்குவது தப்பு என்று சொல்ல வருகிறவர்கள் மூன்று பேர். ஜவுளிக்கடையோ புத்தகக்கடையோ, வாடிக்கையாளர்கள் சண்டை போடும்போது சிரித்த முகம் மாறாமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டு என்றால் நீங்கள் என் கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

நாகல் நகரில் பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் என் இசைத்தட்டுகள், பின்பக்கம் மீரான் பாயின் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். கொடைக்கானலில் யாராவது பழைய பங்களாவைக் காலி செய்தால், அங்கே கிடந்த தட்டுகள் அட்டைப்பெட்டிகளில் வத்தலக்குண்டு வரை இறங்கி வரும். அங்குள்ள பழைய சாமான் கடைக்காரர் எனக்குப் போன் போடுவார். பெட்டியைத் திறந்ததும் முதலில் வருவது மலையின் ஈர வாசனைதான். வெளியே வெயில் கொளுத்தும். கடைக்குள் மட்டும் நாலைந்து நாளுக்குப் பனி இறங்கியிருக்கிற மாதிரி ஒரு மயக்கம்.

என் கடையில் யாரும் ஆல்பத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. இங்கிலீஷ் பெயர் வாயில் நுழைவதில்லை, நுழைந்தாலும் நினைவில் நிற்பதில்லை. அட்டையில் என்ன படமோ அதுதான் பெயர். நீலக் குதிரை என்பார்கள், ஏணி என்பார்கள். உலகத்திலேயே சிறந்த ஆல்பம் இந்த இரண்டில் எது என்பதுதான் பல வருடமாகத் தீராத வழக்கு.

அரை நிமிட ரசிகர்

மீரான் பாய் எந்த ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்தாலும் நீலக் குதிரையைப் போட்டுத்தான் சோதித்துப் பார்ப்பார். முதலில் கிடார் மட்டும் தனியாக வரும். கொஞ்சம் பொறுத்து அடியில் பேஸ் சேரும். அப்புறம் டிரம். மூன்றும் பிசிறில்லாமல் கேட்டால் செட் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த அரை நிமிடம் சால்டரிங் கம்பியைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "இதுக்கு மேல ஒருத்தன் ஆல்பம் போட முடியாது" என்பார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லாவும் நீலக் குதிரை கட்சிதான். தன் கட்சிக்கு இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஒருநாள் அவரிடம், "ரெண்டாவது பாட்டும் நல்லாருக்கும்ல பாய்?" என்று கேட்டாள். பாய் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டாவது பாட்டு யாரும்மா கேட்டா? சவுண்டு சரியா வந்துட்டா ஆஃப் பண்ணிட்டு அடுத்த செட்டை எடுத்துருவேன்."

சிஸ்டர் தூங்கும் பக்கம்

நைட் டூட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வருவாள். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, குதிரை, ரெண்டாம் பக்கம்" என்பாள். அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு உருப்படிதான், இருபது நிமிடம். பாட்டு கிடையாது. ஆர்கன் மட்டும் வரும், யாரோ தூரத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டு போகிற மாதிரி. பாதி திறந்த ஷட்டர் வழியாக வரும் வெளிச்சத்தில் தூசி மெதுவாக மிதக்கும். ஐந்தாவது நிமிடத்தில் அவள் தலை சாய்ந்துவிடும். ஊசி எழும்பிய மறுநொடி விழித்துக்கொள்வாள். ஒருநாளும் தவறியதில்லை.

ஏணி கட்சியின் தலைவர் கதிர்வேல். ஒட்டன்சத்திரத்துக்காரர், காய்கறி லாரி ஓட்டுகிறார். ஏணியின் டிரம்ஸில் லோடு லாரி மலையேறுகிறது என்பது அவர் கட்சி. ஸ்டெல்லா தூங்குவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆறாது. ஒருநாள் அவள் கண் விழிக்கும்வரை காத்திருந்து, "ஏனுங்க சிஸ்டரு, தூக்கம் வர்ற பாட்டெல்லாம் ஒரு பாட்டுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ராத்திரி பூராம் நாப்பது பேரு மூச்சு விடுறாகளான்னு எண்ணிட்டு வாரேன் அண்ணே. எதையும் எண்ணாம கண்ணை மூடுறது இந்த இருபது நிமிசந்தான்."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஓடும்போது கதிர்வேல் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தார். ஆனால் கட்சி மட்டும் மாறவில்லை. அதை என்னிடம் ரகசியமாகச் சொல்லவும் செய்தார்: "பாவமுங்க அந்தப் புள்ள, ஆனா ஏணிதானுங்க பெருசு."

மூன்று தடவை

கதிர்வேலிடம் ஏணி கேசட்டாகத்தான் இருந்தது. யாரோ நண்பர் இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து கொடுத்தது. லாரியில் இருந்த கேசட் பிளேயர் போனபிறகு, "அந்தத் தட்டு வந்தாச் சொல்லுங்க அம்மணி" என்று கேட்டு வைத்திருந்தார். ஒருமுறை கொடைக்கானல் பெட்டியில் கீறலே விழாத ஏணி ஒன்று வந்தது. போட்டேன். நாலாவது பாட்டு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இது அது இல்லீங்க" என்றார்.

திரும்பத் திரும்பப் போட்டு, அவரையும் அந்த இடத்தைப் பாடிக் காட்டச் சொன்னதில் விஷயம் புரிந்தது. நண்பரின் தட்டில் ஒரு கீறல் இருந்திருக்கிறது. "ஹோம்" என்று பாடகர் ஒருமுறை சொல்வது, அங்கே ஊசி தடுக்கி, "ஹோம், ஹோம், ஹோம்" என்று மூன்று முறை பதிவாகியிருக்கிறது. கதிர்வேலுக்கு அதுதான் பாட்டு. அவர் மனைவி உயிரோடு இருந்தபோது லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ ஊருக்கு வந்திருக்கிறார். அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்த இடம் வந்ததும் மூன்று தடவையும் சேர்ந்து சொல்வாராம், விரலை மடக்கி எண்ணிக்கொண்டு.

மீரான் பாய் பின்னாலிருந்து ஒரு குண்டூசியோடு வந்தார். "அந்த எடத்துல லேசா ஒரு கோடு போட்டுத் தரட்டுமா?" கேலியாகக் கேட்கவில்லை, மனசாரத்தான் கேட்டார். கதிர்வேல் ஊசியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டை வாங்கி அட்டைக்குள் வைத்தார். "வேண்டாமுங்க பாய். அந்தப் பாட்டுக்காரரு ஒருக்காச் சொன்னாப் போதும். மிச்சம் ரெண்டையும் நானே சொல்லிக்கறனுங்க."

பங்கில் போன தட்டு

அகரத்திலிருந்து தங்கவேல் என்று ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும், பூ விவசாயி. துணிப்பையிலிருந்து படகுப் படம் போட்ட அட்டை ஒன்றை எடுத்தார். புத்தகம் மாதிரி விரிகிற அட்டை, உள்ளே இரண்டு தட்டுக்கு இடம். ஒன்றுதான் இருந்தது. "ரெண்டாவது தட்டு இருக்குமாம்மா?" என்றார். என்னிடம் இல்லை. எப்படித் தொலைந்தது என்று கேட்டேன். "தொலையல, பங்குல போயிருச்சு" என்றார்.

அவருடைய அப்பா கொடைக்கானலில் ஒரு பங்களாவில் கார் ஓட்டியவர். முதலாளி வெளிநாடு போகும்போது ரெக்கார்ட் பிளேயரையும் தட்டுகளையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்பா போனபிறகு, கிணற்று மோட்டாரை யார் எந்த நாள் போடுவது என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தார்கள். தட்டுகளையும் ஆளுக்குப் பாதியாக. படகு ஆல்பத்தில் ஆளுக்கு ஒரு தட்டு, அட்டை மூத்தவரான இவருக்கு. அன்றையிலிருந்து எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாலு பக்கமும் ஒரே கதை என்று அவரே விளக்கினார். கயிற்றை அவிழ்க்கிற சத்தம், துடுப்புச் சத்தம், நடுவில் பாட்டுகள். முதல் தட்டில் படகு கிளம்பி நடு ஆற்றுக்கு வந்துவிடும். கரை சேர்வது இரண்டாவதில். போனில் தேடினால் முழுசாகவே கிடைக்குமே என்றேன். "பேத்தி போட்டுக் காமிச்சா. அதுல ஆத்துத் தண்ணி கொழாத்தண்ணி மாதிரில்ல விழுகுது!"

தம்பியின் கட்சி

அடுத்த மாதமே முத்துராசு என்பவர் வந்தார். சம்பங்கி வாசனை அடிக்கிற ஒரு பையில், நாளிதழில் சுற்றிய ஒற்றைத் தட்டு. ஊர் அகரம் என்றதுமே தங்கவேலின் தம்பி என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு முதல் தட்டு வேண்டும். கூடவே, தன்னிடம் இருப்பதுதான் ஒசத்தி என்று எனக்கு நிரூபித்தும் காட்ட வேண்டும். "அண்ணன்ட்ட இருக்குறதுல வெறுமனே கெளம்புறதுதான்க்கா. இதுலதான் கரை வருது. போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டேன். எடுத்த எடுப்பிலேயே நடு ஆறு. எங்கிருந்து வந்தோம் என்று தெரியாமல் தண்ணீர் நடுவில் கண் விழித்த மாதிரி இருந்தது. அவர் சம்பங்கிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். எட்டு வருடமாக அவர் படகு கிளம்பவே இல்லை, அண்ணன் படகு கரை சேரவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வரப்பைத் தாண்டினால் அண்ணன் வீடு, கேட்டால் என்ன என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு தட்டுக்காகப் போயிப் பேசிட்டா, எட்டு வருசம் பேசாம இருந்ததெல்லாம் வீணாப் போயிருமேக்கா."

நாலு பக்கம்

இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உங்க தட்டோட வாங்க, இன்னொரு தட்டு கடையில இருக்கும்." சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனாலும் அந்த ஞாயிறு காலையில் உடையக்கூடியதையெல்லாம் பரணில் ஏற்றி வைத்தேன். இவர்கள் கைகலந்தால் நான் என்ன செய்வேன்?

முத்துராசு முதலில் வந்தார். தட்டை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அலமாரிக்குப் பின்னால் உட்காரவைத்தேன். தங்கவேல் வந்து தன் தட்டை என் கையில் கொடுத்த பிறகுதான் தம்பியைப் பார்த்தார். சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். தம்பியும் எழுந்துவிட்டார். ஆனால் இரண்டு தட்டும் என் கையில். அப்போது நாற்காலியில் சாய்ந்திருந்த ஸ்டெல்லா கண்ணைத் திறக்காமலே வார்டுக் குரலில், "ரெண்டு பேரும் உக்காருங்க. எந்திரிக்கக் கூடாது" என்றாள். உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் பக்கம். கயிறு அவிழ்ந்தது. இளையவரின் உதடு லேசாகத் திறந்தது. கதிர்வேல் போனை அணைத்தார், மீரான் பாய் வேலையை நிறுத்தினார். மின்விசிறி சுற்றுகிற சத்தமே துடுப்புச் சத்தமாகிவிட்டது போல் இருந்தது. கடை தரையை விட்டுக் கிளம்பி எங்கோ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கம் முடிந்ததும் தங்கவேல் பழக்க தோஷத்தில் துண்டை உதறித் தோளில் போட்டார். அவருக்கு எப்போதும் அதோடு முடிந்துவிடும். நான் அடுத்த தட்டை வைத்தேன். துண்டு தோளிலிருந்து நழுவி மடியில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. நாலாம் பக்கத்தில் எங்கோ 'டொக்' என்றது. மூத்தவர் திடுக்கிட்டு, யாரிடம் பேசுகிறோம் என்பதையே மறந்து, "கரை தட்டிருச்சாடா?" என்றார்.

முத்துராசு திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் இல்லண்ணே. செத்த நேரம் இருக்கு."

முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. மோட்டார் வழக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று கேள்வி. ஆனால் போகும்போது முத்துராசு முதல் தட்டைச் சம்பங்கிப் பையில் வைத்துக்கொண்டார், தங்கவேல் இரண்டாவதைப் படகு அட்டைக்குள் வைத்துக்கொண்டார். மாதாமாதம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. எது ஒசத்தி என்ற விஷயம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். முத்துராசு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க தீருறது? இனிமே அந்தச் சண்டைய நாங்க நேர்லயே போட்டுக்குறோம்க்கா."

என் கட்சி எது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஆல்பத்தையும் நான் ஒழுங்காகக் கேட்டு முடித்ததில்லை.