பன்னிரண்டாவது பேணி

சிற்றம்பலம் தன் வாழ்நாளில் ஒரு மரம்கூட வெட்டியதில்லை. ஆனாலும் கிளிநொச்சிப் பக்கக் காட்டுக்குள்ளால் ஓடுகிற அந்த வாய்க்காலில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டென்று, கூட வேலை செய்தவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் செய்ததெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததுதான்.

அது ஐம்பத்திநாலாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற வந்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று ஏக்கர் வயற்காணி கிடைத்திருந்தது. சிற்றம்பலத்துக்கு விழுந்தது கடைசித் துண்டு. அங்கே தண்ணீர் வரவேண்டுமென்றால் வாய்க்கால் இன்னும் ஒரு மைல் காட்டைக் கடக்கவேண்டும். இரண்டு போகம் வானத்தை நம்பி விதைத்தார். இரண்டும் கருகிப்போயின. இந்த முறையும் தரிசாய்க் கிடந்தால் காணி வேறு ஆளுக்குப் போகும் என்று காணிக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மகள் ஜெகதீஸ்வரி தலைப்பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளை சொந்த வயல் சோறு தின்னவேண்டும் என்பதைத் தவிர அந்த மனிசனுக்கு வேறு நினைப்பில்லை. வாய்க்கால் வெட்டக் கொந்தராத்து எடுத்தவரின் ஆட்கள் தங்குகிற காட்டு வாடியில் சமையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாய்ப் போய் நின்றார்.

வாடியில் பன்னிரண்டு கோடாலிக்காரர். இவர்கள் மரம் விழுத்திக்கொண்டு முன்னால் போகவேண்டும், மண்வெட்டிக்காரர் பின்னால் வாய்க்கால் வெட்டிக்கொண்டு வருவார்கள். மரம் விழாவிட்டால் மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை.

ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி குடிக்க ஒரு பழைய பால்பேணி, பால் அடைத்து வந்த தகரம். இரண்டு வீரை மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, பன்னிரண்டையும் வரிசையாய்த் தொங்கவிட்டிருந்தார் சிற்றம்பலம். மாறிப்போகாமல் இருக்க அவரவர் ஆணியால் ஓர் அடையாளம் கீறி வைத்திருந்தார்கள். பூவரசங்குளத்து வீரகத்தி தன்னுடையதில் மயில் கீறியிருந்தான். அது கோழி மாதிரித்தான் இருந்தது. “வீரகத்தியின்ரை கோழி இண்டைக்கு முட்டை போட்டுதோ?” என்று கேட்டுக்கொண்டுதான் மற்றவர்கள் தேத்தண்ணிக்கு வருவார்கள். அவனும் சிரிப்பான்.

பத்து மணிக்கு ஒரு தண்டவாளத் துண்டில் சிற்றம்பலம் மூன்று தட்டுத் தட்டுவார். கோடாலிகள் நிற்கும். காடு அப்படியே அமைதியாகும். பிறகு பேச்சுச் சத்தம் கிட்டக்கிட்ட வரும். தேத்தண்ணி அளவாய்ப் பன்னிரண்டு பேணிதான். கூடவும் வராது, குறையவும் வராது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தட்டியபோது எல்லோரும் வந்துவிட்டார்கள். வீரகத்தி மட்டும் அங்கேயே நின்றான். ஒரு பெரிய பாலை மரம் பாதி வெட்டுப்பட்டு நின்றது.

“இந்த ஒரு மரம், சிற்றம்பலண்ணை. ஊத்தி வையுங்கோ, விழுத்திப்போட்டு வாறன்.”

அவர் ஊற்றி வைத்தார். மரம் விழுகிறபோது திரும்பி அவன் மேல் விழுந்தது.

வேலையை மேற்பார்த்த ஓவசியர் லோறன்ஸ் முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், கொஞ்சம் படித்தவர், நெஞ்சில் ஈரம் இல்லாதவர் அல்ல. அன்றைக்கு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடலைச் சாக்கால் மூடி லொறியில் ஏற்றிக்கொண்டு தானே பூவரசங்குளத்துக்குப் புறப்பட்டார். போகிறபோது, இந்த வரிசையைப் பொழுதுபடமுன் முடித்துவிடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் கூடப் போகவில்லை. போகட்டோ என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. தொண்டை வறண்டுபோய் நின்றவர்களுக்குச் சிற்றம்பலம் பேணிகளை எடுத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டாவது பேணி நிறைந்தபடி இருந்தது. சீனி போட்டது. வறுமைப்பட்ட கைக்கு அதைக் கொட்ட மனம் வரவில்லை. கேத்திலுக்குள் திரும்ப ஊற்றினார். சூடாக்கி, நீட்டிய பேணிகளுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாய் வார்த்தார். பதினொரு பேரும் குடித்துவிட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டு போனார்கள். மயில் கீறிய பேணியை அவர் ஒரு துணியில் சுற்றி அரிசிச் சாக்குக்குள், அடியில் வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் பத்து மணிக்குத் தண்டவாளத்தைத் தட்டினார். கோடாலிகள் நின்றன. காடு அமைதியானது.

டக்.

ஒரு வெட்டு. நல்ல வெயில், பளிச்சென்ற பகல். சத்தம் இன்னும் வெட்டாத காட்டுப் பக்கமிருந்து வந்தது. மரங்கொத்தியாக இருக்கும் என்று நினைத்தார். மரங்கொத்தி ஒரு கொத்தோடு நிற்காது. எல்லோரும் வந்து பேணியை எடுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த நாளும் அதே மாதிரி. அதற்கடுத்த நாளும். மணி தட்டி, எல்லாக் கோடாலியும் ஓய்ந்த பிறகு, ஒரே ஒரு வெட்டு. பிந்தி வருகிற ஆளின் வெட்டு.

ஆட்கள் வாடிப்போனார்கள். கதையில்லை, பாட்டில்லை. பச்சை மரத்தில் கோடாலி வழுக்கி ஒருவனுக்குக் கால் வெட்டுப்பட்டது. ஒரு கிழமையில் நடந்த வேலை மூன்று கிழமைக்கு இழுபட்டது. ஆட்கள் சந்தோசமாய் இருந்தால்தான் வேலை ஓடும், அதற்கு வழி பாரும் என்று மேலிடத்திலிருந்து லோறன்சுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவரும் தன்னால் ஆனதையெல்லாம் பார்த்தார். புளியங்குளத்தில் ஒருவரிடமிருந்து கிராமபோன் பெட்டி இரவல் வாங்கி வந்தார். தேத்தண்ணி நேரம் பாட்டுப் போட்டார்கள். பாட்டு நடுவில், தாளம் விழவேண்டிய இடத்தில், காட்டுக்குள்ளிருந்து டக் என்றது. ஐயாத்துரைதான் அங்கே மூத்த கோடாலிக்காரர். அவர் எழும்பிப் போய்ப் பெட்டியின் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு அதை ஒருவரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆடு அடித்தார்கள். சிற்றம்பலம் பக்குவம் பார்த்துச் சமைத்தார். இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டபோது எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வாடியில் எவனும் எதையும் இரண்டாந்தரம் வாங்குவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு ஒரு பின்னேரம் லோறன்ஸ் நிலத்தில் கோடு கீறி, கிளித்தட்டு விளையாடுங்கோ, வெல்கிற பக்கத்துக்கு ஆளுக்கொரு புதுச் சாரம் என்றார். பதினொரு பேர், சோடி சேர்க்கச் சிற்றம்பலத்தையும் இழுத்து விட்டார்கள். உண்மையாகவே கொஞ்சநேரம் சிரிப்புக் கேட்டது. சிற்றம்பலம் இரண்டு கோடு தாண்டி மூன்றாவதில் கால் வைக்கிறபோது முதுகில் ஒரு அடி விழுந்தது. அகன்ற கை. காய்த்த கை. கோட்டுக் காவல் நிற்கிற கிளி அடித்துவிட்டது, ஆட்டம் போச்சு என்று திரும்பினார். கிளியாய் நின்ற ஐயாத்துரை அங்காலை மற்றக் கோட்டில் நின்றார். பின்னால் ஒருவரும் இல்லை. வீரகத்தி வெட்டின பாலையின் அடிக்கட்டை மட்டும் இருந்தது. எல்லோரும் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டையில்லாத முதுகில் ஐந்து விரலும் சிவந்திருந்தன. கோட்டைக் காலால் அழித்துவிட்டு ஒவ்வொருவராய்ப் போனார்கள்.

சிற்றம்பலத்துக்குச் சங்கதி விளங்கியிருந்தது. செத்தவனுக்கென்று ஊற்றியதைத் திரும்பக் கேத்திலில் ஊற்றி, பதினொரு பேருக்கும் பருக்கினவர் அவர். அதைச் சொன்னால் அவர்கள் அந்த நிமிடமே மூட்டையைக் கட்டுவார்கள், வாய்க்கால் நிற்கும், காணி போகும். சொல்லாவிட்டால் இப்படியே ஒவ்வொருவராய் நூலாகிப்போவார்கள். வீட்டுக்குப் போன ஒரு நாள் ஜெகதீஸ்வரி, வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறதெனக் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். கையில் தட்டுப்பட்டது. நல்ல உதை. அவருக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்தது. அடுத்த கணம் முதுகில் விழுந்த அடி நினைவு வந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் ஒரு செவ்வாய், பத்து மணி. தண்டவாளத்தைத் தட்டிவிட்டுப் பேணிகளை எடுக்கக் கயிற்றடிக்குப் போனார். பதினொன்று தொங்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு தொங்கின. கடைசியில் மயில். அரிசிச் சாக்குக் கட்டியபடியே இருந்தது. பேணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடியில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. ஈரமாய்.

கோடாலிக்காரர் வந்துவிட்டார்கள். லோறன்சும் நின்றார். ஐயாத்துரை முந்திக்கொண்டார். நாளைக்கு விடிய எல்லோரும் கண்டி றோட்டுக்கு நடக்கப்போகிறோம், இனி ஒன்றும் பேசிப் பிரயோசனமில்லை என்றார்.

சிற்றம்பலம் பேணியை உயர்த்திப் பிடித்தார்.

“போகமுதல் இதைக் கேட்டிட்டுப் போங்கோ. அண்டைக்கு வீரகத்திக்கு ஊத்தி வைச்சதை நான் திருப்பிக் கேத்திலுக்கை ஊத்தினனான். உங்கள் எல்லாருக்கும் அதைத்தான் வார்த்தனான். உங்களிலை பிழையில்லை. நான் செய்தது.”

ஐயாத்துரை தன் பேணிக்குள் பார்த்தபடி நின்றார்.

“எனக்குத் தெரியும், அண்ணை,” என்றார் மெதுவாக. “உங்கடை கேத்திலிலை ஒருநாளும் மிஞ்சாது. அண்டைக்கு மட்டும் மிஞ்சினது. ஆரின்ரை பங்கு எண்டு தெரிஞ்சுதான் நீட்டினனான். எனக்கு மட்டுந்தான் தெரியும் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒவ்வொருவனும் தனக்கு மட்டும் தெரியும் என்றே இருந்திருக்கிறான். ஒரு மாதமாய்ப் பக்கத்தில் பக்கத்தில் படுத்தெழும்பி, ஒருவனுக்கொருவன் சொல்லவில்லை.

நாளையிண்டைக்கு, வியாழக்கிழமை, வீரகத்திக்கு முப்பத்தொராம் நாள் என்றார் ஐயாத்துரை. வீட்டில் அந்தியேட்டிப் படையல் வைப்பார்கள். கிராமபோனும் வேண்டாம், ஆடும் வேண்டாம். அன்றைக்கு ஒரு நாள் கோடாலியைக் கீழே வைக்க விட்டால், எல்லோருமாய்ப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருவோம். அதைத் தரமுடியுமோ என்று கேட்டார்.

லோறன்ஸ் ஏலாது என்று தலையை ஆட்டினார். மழை வரப்போகிறது, ஏற்கெனவே பிந்திப்போயிற்று, மேலே என்ன பதில் சொல்வது என்றார். வெட்டுச் சத்தம், வெட்டுச் சத்தம் என்கிறார்கள், தன் காதில் ஒருநாளும் விழவில்லை என்றும் சொன்னார்.

“இப்ப எல்லாரும் இங்கைதான் நிக்கிறம், ஓவசியர் ஐயா,” என்றார் சிற்றம்பலம். “பதினொரு கோடாலியும் உதிலை கிடக்கு. எண்ணிப் பாருங்கோ.”

லோறன்சின் கண் கோடாலிகளின் மேல் ஒவ்வொன்றாய்ப் போனது. உதடு அசைந்தது. பதினொன்றில் வந்து நின்றது.

டக்.

அவர் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் சிலுவை போட்டார்.

“வியாழக்கிழமை லொறியைக் கொண்டுவாறன்,” என்றார். “நானும் வாறன். அண்டைக்கு நான்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்.”

பூவரசங்குளத்தில் வீரகத்தியின் மனிசி கமலாசனி, பதின்மூன்று ஆண்கள் வாசலில் தலைகுனிந்து நின்றதைப் பார்த்ததும் முதலில் பயந்துபோனாள். பிறகு பாய் விரித்தாள். படையல் முடிந்த பிறகு சிற்றம்பலம் மடியிலிருந்து பேணியை எடுத்து அவள் முன்னால் வைத்து, காட்டில் கேட்கிற வெட்டைப் பற்றிச் சொன்னார். அவள் மயிலை விரலால் தடவினாள்.

“அண்டைக்கு அவர் தேத்தண்ணி குடிச்சவரோ, ஐயா?”

“இல்லைப் பிள்ளை. ஊத்தி வைக்கச் சொன்னவன். ஊத்தி வைச்சனான். குடிக்கேல்லை.”

அவள் அழவில்லை. குசினிக்குள் போய்ப் பேணியைச் சாம்பல் போட்டு மினுக்கிக்கொண்டு வந்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“இதை இங்கை வைச்சு என்ன செய்ய? அவர் அங்கைதானே நிக்கிறார். கொண்டுபோங்கோ.”

திரும்பி வருகிறபோது லொறி புளியங்குளம் தாண்டியதும் யாரோ ஒருவன், வீரகத்தி கீறினது கோழிதான், அவன் மனிசியும் கோழியென்றுதான் தடவினவள் என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு பதினொரு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடியப் பலருக்குக் கண் துடைக்கவேண்டியிருந்தது.

அடுத்த நாள் பத்து மணிக்குச் சிற்றம்பலம் பன்னிரண்டு பேணிக்கும் ஊற்றினார். பன்னிரண்டாவதைப் பாலைக் கட்டையின் மேல் வைத்தார். பிறகு தண்டவாளத்தைத் தட்டினார். கோடாலிகள் நின்றன. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வெட்டு வரவில்லை. கட்டைப் பக்கமாய்ச் சருகு மட்டும் நொறுங்கியது, ஒரு ஆள் வந்து குந்துகிற மாதிரி. ஐயாத்துரை அந்தப் பக்கம் பார்க்காமலே கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டார். ஒருவரும் எழும்பி ஓடவில்லை. பேணி கழுவ எடுத்தபோது அது வெறுமையாய் இருந்தது.

அதன் பிறகு வேலை ஓடியது. வெட்டுகிற நேரத்தில் பன்னிரண்டு கோடாலிச் சத்தம் கேட்கும், மணி தட்டினால் பன்னிரண்டும் ஒன்றாய் நிற்கும். யாராவது சோம்பினால், வீரகத்தி உன்னை முந்திட்டான் என்று நக்கலடிப்பார்கள். உடம்பு சரியில்லாதவனைப் படுக்கவிட்டு மற்றவர்கள் அவன் மரத்தைப் பங்குபோட்டார்கள். லோறன்ஸ் பிறகு ஒருநாளும் பொழுதுபடமுன் முடியுங்கோ என்று சொல்லவில்லை. ஐப்பசி முதல் மழைக்கு முந்தியே கடைசி மரம் விழுந்தது. அன்றைக்குச் சிற்றம்பலம் பாலைக் கட்டையடியில் ஒரு பேணித் தேத்தண்ணியை மண்ணில் வார்த்து, வேலை முடிஞ்சுது வீரகத்தி, வீட்டை போ தம்பி என்று சொன்னார். மண் அதை ஒரே இழுப்பில் குடித்தது.

அவர் காணிக்குத் தண்ணீர் வந்தது. விதைத்தார். கார்த்திகையில் பேரன் பிறந்தான். தலை நிறைய மயிர், கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அந்த மனிசன் அதற்குப் பிறகு வயலுக்குப் போகிற வழியிலும் தனியாய்ச் சிரித்துக்கொண்டு போனார்.

மாசியில் நெல் முற்றியிருந்த ஒரு காலை, ஜெகதீஸ்வரி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வயலுக்கு வந்தாள். வரம்பு மரத்தில் ஏணை கட்டினார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது. எப்படி ஆட்டியும் அடங்கவில்லை. சிற்றம்பலம் கேத்திலை இறக்கிக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு மரமும் மிஞ்சாத வெட்டையில், டக் என்றது.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. தலையை அந்தப் பக்கம் திருப்பி, தெரிந்த முகத்தைக் கண்ட மாதிரி, பல்லில்லாத வாயால் சிரித்தது.

“என்னத்தைப் பாத்துச் சிரிக்குது, அப்பு?” என்றாள் ஜெகதீஸ்வரி.

சிற்றம்பலம் கூடைக்குள் கையை விட்டு, மயில் கீறிய பேணியை எடுத்து, முதலில் அதற்கு ஊற்றினார்.