அழுகையை நிறுத்தச் சொன்ன நாள்

முனை தேய்ந்த ஒரு சவர பிரஷ், எவர்சில்வர் டம்ளர் நிறையச் சோப்பு நுரை. அம்மா இறந்த நாளை நினைத்தால் அம்மாவின் முகத்துக்கு முன் எனக்கு இவைதான் வருகின்றன. ஏசி மெக்கானிக்கின் சாமான்கள். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

தொண்ணூறுகளில் பீளமேட்டில் எங்கள் தெருவிலேயே ஏசி இருந்த வீடு எங்களுடையது மட்டும். நோயில் கிடந்த அம்மாவுக்காக அப்பா வாங்கிய சன்னல் ஏசி. அம்மா போன அன்று பார்த்து அது வெறும் காற்றை ஊதியது. சித்திரை வெயில். அமெரிக்காவிலிருந்து அண்ணன் வந்து சேர மறுநாள் மாலையாகும். வாங்கி அடுக்கிய ஐஸ் கட்டிகள் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன. அவன் வரும்வரை அம்மாவின் முகம் கெடாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எல்லோருக்கும் கவலை.

மெக்கானிக் ஏசியைக் கழற்றிப் போர்டிகோவில் வைத்தார். கேஸ் எங்கோ கசிந்து தீர்ந்துவிட்டது, ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் போய்விடும் என்றார். குழாய்களுக்குள் காற்றை அழுத்தி ஏற்றி, இணைப்பு இணைப்பாக நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. பிரஷ்ஷும் கையுமாக உள்ளே பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக நின்றார். அதுவரை நானும் பெண்களோடு அழுதுகொண்டுதான் இருந்தேன். எழுந்து போய் என்னவென்று கேட்டேன்.

“கசியற எடம் ஆப்படலீங்க அம்மணி. ரொம்பச் சின்ன ஓட்டைங்க, காதுலதான் புடிக்கோணும். இந்தச் சத்தத்துல...” என்று இழுத்தவர், “எழவு ஊட்ல போய் அதை எப்படிங்க சொல்றது?” என்றார்.

நான் சொன்னேன். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அத்தைகளின் நடுவில் நின்று, ஒரு நிமிடம் அழுகையை நிறுத்தச் சொன்னேன்.

“ஏங்கண்ணு, உனக்குப் புத்தி பெசகிப்போச்சா?” என்றாள் பெரியத்தை. ஆனாலும் நிறுத்தினார்கள். மெக்கானிக் குழாயோடு காதை வைத்து நகர்ந்தார். பின்பக்கத்து வளைவு ஒன்றில் நின்று நுரையைத் தொட்டு வைத்தார். கடுகளவு குமிழி ஒன்று மெல்லப் பருத்தது. அவர் தலையாட்டியதும் அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எனக்கு மட்டும் தொடரவில்லை.

அறை குளிர்ந்தது. அண்ணன் வந்து அம்மாவை அம்மாவாகவே பார்த்து அழுதான். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு மதியம், கேஸ் நிற்கிறதா என்று பார்க்க மெக்கானிக் வந்தார். அம்மாவை எடுத்துப் போனபின் அவள் அறைக்குள் நான் போயிருக்கவில்லை. ஏசியைப் போட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“அன்னிக்கு என்னாலதானுங்க நீங்க அழுகைய நிறுத்திப்போட்டீங்க. அப்பறம் அழுகவே இல்லீன்னு அப்பா சொன்னாருங்க. இது ஓடற சத்தத்துல வெளிய ஒண்ணும் கேக்காதுங்க.”

கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் போர்டிகோவில் உட்கார்ந்துகொண்டார். நான் கட்டில் ஓரத்தில் அரை மணி நேரம் இருந்தேன். கை கால் சில்லிட்டதே தவிர, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வெளியே வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கூலிங் பரவாயில்லீங்களா?”

“நல்லா இருக்குதுங்க,” என்றேன்.

இப்போது என் வீட்டில் இருக்கும் ஏசி ஓடுவதே தெரியாது. சத்தமே வராது என்று சொல்லித்தான் விற்றார்கள். இனி எனக்கு அழுகை வந்தாலும் வீடு முழுக்கக் கேட்கும்.