இடது கதவில் ஒரு நீலக் கோடு

காரை என் மைத்துனனிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவானதும், அதை இருக்கிற கோலத்தில் கொடுக்கக் கூடாது என்று சொன்னவள் என் மனைவிதான். வீட்டை விட்டுப் போகிற எதையும் குளிப்பாட்டித்தான் அனுப்ப வேண்டும் என்றாள்.

வண்டி சில வருஷங்களாகவே வாசலில் புங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் அழுத்தம். நேரே இருப்பது தெரியும், ஓரங்கள் தெரியாது. இடது பக்கம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. இனி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொன்ன நாளில் கொண்டுவந்து நிறுத்தியதுதான். மேலே போர்த்திய உறை வெயிலில் கிழிந்து தொங்கியது. அரக்குச் சிவப்பு வண்டி அது. கூரையும் பானெட்டும் வெளுத்து, சுண்ணாம்பு பூசியதுபோல ஆகியிருந்தன. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வேண்டாம். மைத்துனன் கொட்டாம்பட்டியில் விவசாயம் பார்க்கிறான். மதுரைக்கு வந்துபோக ஆகும் என்று கேட்டான். மெக்கானிக் ஒருவர் வந்து பேட்டரியை மாற்றி, எலி கடித்த ஒயர்களைச் சரிசெய்துவிட்டுப் போனார். மினுக்க வேண்டியதுதான் பாக்கி.

முதலில் நானே செய்து பார்த்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே வழி: வாளித் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பழைய வேட்டித் துணியை முக்கித் துடைப்பது. பரணில் ஒரு பாட்டிலில் மிச்சம் இருந்தது. கறுப்பு பம்பருக்குத் தேங்காய் எண்ணெய். சாயங்காலம் வண்டி பளபளவென்று இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் தெருப் புழுதி முழுக்க அதில் அப்பியிருந்தது. பம்பரில் எறும்பு ஊர்ந்தது. நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன்.

"வண்டியத் தாளிச்சுட்டீகளா?" என்றாள் மனைவி.

அதன்பிறகுதான் வீட்டுக்கே வந்து கார்களைத் துலக்கித் தருகிற ஒருவரை வரச் சொன்னோம். ஒரு சின்ன வேனில் தண்ணீர்த் தொட்டி, பம்பு, மெஷின் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. முதலில் என் எண்ணெயைக் கழுவவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு நுரையைப் பீய்ச்சி ஊறவிட்டார். புங்கம்பிசினும் காக்கை எச்சமும் காய்ந்து பிடித்த இடங்களில், பிசைந்த மாவுபோல ஒரு கட்டியை வைத்து ஈரத்தோடு இழுத்து இழுத்து எடுத்தார். அப்புறம் வெள்ளையாக ஒரு பசையைத் தடவி, சுற்றுகிற மெஷினால் தேய்த்தார். கூரையின் பாதி முடிந்தபோது, தேய்த்த இடம் ஒரு நிறம், தேய்க்காத இடம் ஒரு நிறம். ஷோரூமில் பார்த்த சிவப்பு அப்படியே அடியில் இருந்திருக்கிறது.

நான் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய காட்சி என்று தெரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெகுகாலமாகவே அப்படித்தான் இருக்கிறது. அதை நான் வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தவர் பின்கதவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், இங்க ஒரு கீறல் கெடக்கு. ஆழமில்ல. நீலப் பெயிண்டு அப்பியிருக்கு, எங்கயோ இரும்புக் கேட்டுல ஒரசியிருக்கு. தேச்சா போயிரும். எடுத்துரவா?"

"எடுத்துருங்க" என்றேன்.

அதுதான் நான் சொன்ன முதல் வார்த்தை. இதை எழுத உட்கார்ந்தபோது அதை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விடவில்லை.

அந்தக் கீறலின் கதை எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஓய்வுபெற்ற பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். லைசென்சும் வாங்கினாள். முதல்முறை தனியாக ஓட்டிக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்து தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, கேட்டைத் திறக்க இறங்கினாள். அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னதியில் சந்தனம் வாங்கி நெற்றியில் இட்டிருந்தாள். அப்போது எதிர்வீட்டுக்காரர் தன் வாசலிலிருந்தே, "என்ன டீச்சர், ஒரசிட்டீகளா?" என்று கேட்டார். அவர் பக்கம் இருந்தது காரின் இடது கதவு.

உண்மை இது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் கப்பலூர் போயிருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் அங்கே பிளாஸ்டிக் வாளி செய்கிற சிறு தொழிற்சாலை வைத்திருந்தான். அதன் கேட் நீல நிறம். வெளியே வரும்போது இடது பக்கம் கேட்டில் உரசியது. சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி வண்டியை நிறுத்தினேன். மறுநாள் காலையில் அவள் வலது பக்கம் ஏறி, வலது பக்கமாகவே பார்த்துக்கொண்டு எடுத்துப் போய்விட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டதும் அவள் ஓடிவந்து கதவைப் பார்த்தாள். நான் வெளியே வந்தேன். தெருவில் இன்னும் ஓரிருவர் நின்றார்கள்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றேன்.

வேறு எதுவும் சொல்லவில்லை. நீதான் இடித்தாய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை வைத்துக்கொண்டு நான் பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே கணக்குக் காட்டியிருக்கிறேன்.

"நான் இடிக்கல. கருப்பன் சாட்சி" என்றாள் அவள்.

எங்கள் பக்கத்தில் கருப்பனைச் சாட்சிக்கு இழுத்தால் அதற்குமேல் பேச்சில்லை. கோயிலில் கருப்பனாகக் கும்பிடுகிற அந்தச் சன்னதிக் கதவுக்கு முன்னால் நின்று பொய் சொன்னவன் பிழைக்கமாட்டான் என்பார்கள். நான் படித்தவன். சாமியை எதற்கு இதில் இழுக்கிறாய், பின்னே கீறல் தானாகவா வந்தது என்று கேட்டேன். அவள் இரண்டு நாள் யோசித்து, கோயிலில் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஏதோ நடந்திருக்க வேண்டும், தனக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தாள். இடித்தது பெரிதில்லை, இடித்துவிட்டுக் கருப்பன் பெயரில் பொய்ச்சத்தியம் செய்துவிட்டோமே என்பதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் அழகர்கோவில் போய், கருப்பனிடம் தப்புக் கேட்டு, இனிமேல் வண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் தொடவே இல்லை.

நான் ஏன் சொல்லவில்லை? கப்பலூரில் அந்தக் கேட் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இடது பக்கம் ஏதோ சரியில்லை என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாவியை வாங்கிவிடுவார்கள். செய்யாத தப்புக்கு அவள் சாவியைக் கீழே வைத்துவிட்டாள், நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, தெரியாத கண்ணோடு சுற்றுச்சாலை முழுக்க ஓட்டினேன்.

அந்தக் கீறல் ஒவ்வொரு கல்யாணத்திலும் எங்களோடு வந்தது. மைத்துனன்தான் ஆரம்பிப்பான். அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள், மண்டபத்துச் சுவர் போய்விடும் என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நானும்தான்.

மெஷின் கதவின் அந்தப் பக்க ஓரத்தில் சுற்ற ஆரம்பித்திருந்தது. நான் எழுந்து போய் அவரை நிறுத்தச் சொன்னேன். மனசாட்சி உறுத்தியது என்று சொல்லமாட்டேன். உறுத்தியிருந்தால் அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். அவர் தேய்த்து முடித்துவிட்டால் அவள் இடிக்கவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு தடயமும் இருக்காது என்று மட்டும் தோன்றியது.

உள்ளே அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

"அந்தக் கீறல் நீ போட்டதில்ல. நான் போட்டது. நீ கோயிலுக்குப் போறதுக்கு மொத நாளு, கப்பலூர்ல, கேட்டுல ஒரசுனேன். பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவள் கையில் இருந்த காம்பை உருவி முடித்தாள்.

"அப்ப நான் இடிக்கல."

"இல்ல."

"கருப்பன் சாட்சின்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"அப்பவும் சும்மா நின்னீக."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்றும். அவள் மடியில் கிடந்த இலைகளை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கதவுக்கு முன்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நீலத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இத மட்டும் விட்ருங்க தம்பி. மத்ததெல்லாம் தேச்சுருங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் அவள் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அவளுடைய அக்கா. பிறகு கூட வேலைபார்த்த ஆசிரியை ஒருத்தி. பிறகு சித்தி மகள். எல்லோரிடமும் முதலில் சமையல், உடம்பு, மழை என்று விசாரித்துவிட்டு, அதே குரலில் அதே வாக்கியத்தைச் சொன்னாள்: "அந்தக் காரு விஷயம், நான் இடிக்கலையாம். அவுகதானாம்." மறுமுனையில் சிலர் சிரித்தது எனக்கே கேட்டது. இத்தனை வருஷம் கழித்து இது என்ன என்று கேட்டிருப்பார்கள். அவள் விளக்கவில்லை. சொல்லி முடித்து அடுத்த நம்பரை அழுத்தினாள். நான் பக்கத்து அறையில் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குள் ஏதாவது அசைந்திருக்குமோ என்னவோ.

எதிர்வீட்டுக்காரரிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மைத்துனன் வந்தான். தோட்டத்து எலுமிச்சம்பழங்களை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அதில் அவன் சட்டை தெரிந்தது, மரம் தெரிந்தது.

"என்ன மச்சான், புது வண்டியில்ல தாரீக" என்றான். பின்கதவுக்கு வந்ததும் சிரித்துவிட்டான். "அக்கா கையெழுத்த மட்டும் அழிக்காம விட்டுட்டீகளே."

"அது என் கையெழுத்தில்லடா. ஒன் மச்சான் கையெழுத்து" என்றாள் அவள்.

அவன் சிரித்தபடியே என்னைப் பார்த்தான். ஆமாம் என்றேன். நீலத்தைக் காட்டி, கப்பலூர் கேட்டைச் சொன்னேன். அவன் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை; அவன் அப்போது என் இடது பக்கம் நகர்ந்திருந்தான்.

"சரி விடுக்கா, பழைய கதை" என்றான்.

"ஒனக்குப் பழைய கதை. எந்தக் கல்யாணத்துல இதச் சொல்லாம விட்ட?"

அவன் பையிலிருந்து பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்தான். வண்டி கை மாறும்போது எலுமிச்சை நசுக்கித்தான் எடுப்பார்கள். சாவியோடு கதவைத் திறக்கப் போனவனிடம் அவள் கையை நீட்டினாள்.

"கருப்பன்ட்ட தொடமாட்டேன்னு சொல்லியிருக்கியேக்கா" என்று தயங்கினான்.

"தப்புப் பண்ணுனேன்னு நெனச்சுச் சொன்னது. நான்தான் தப்பே பண்ணலயே."

உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. சீட் என் உயரத்துக்குப் பின்னால் தள்ளிக் கிடந்தது. குனிந்து நெம்புகோலைத் தேடி முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். ஸ்டார்ட் செய்தாள். முதல்முறை நின்றுபோயிற்று. இரண்டாவது முறை வண்டி மெதுவாக நகர்ந்து பழங்கள் மேல் ஏறியது. சத்தம் கேட்டது. ஒரு வண்டி நீளம் போய் நிறுத்தினாள்.

கேட் திறந்துதான் இருந்தது. தெருவில் யாரும் இல்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். போய்விடுவாளோ என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது, முட்டி மடங்காது, வண்டியும் இனி எங்களுடையது இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். சாவியைத் தம்பி கையில் கொடுத்தாள்.

அவன் போன பிறகு, வண்டி நின்ற இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. நான் உள்ளே போகத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், அதுவரை கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தேன்.

"ஒங்களுக்கு எடது பக்கம் ஒரு பழம் கெடக்கு. மிதிச்சுராதீக" என்றாள்.

நான் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவள் வந்து என் முழங்கையைப் பிடித்து, சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள்.