பொன்ராஜின் காதுக்காக ஞானபூரணி வாதாடியது

ஞானபூரணி முப்பத்திரண்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆமத்தூர்ப் பக்கம் எந்தக் குழந்தைக்கு எந்த மாதம் தடுப்பூசி போட்டது என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்லுவார். அவருடைய கணவர் பொன்ராஜ், ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி சோதிக்கிறவராக இருந்தார். லோடு கிளம்பும் முன் அதிலிருந்து நாலைந்து வெடிகளை எடுத்து, வெடித்துப் பார்த்து, சத்தம் சரிதானா என்று சொல்ல வேண்டும். இருபத்தாறு சீசன் அந்த வேலையைப் பார்த்தார். காது இரண்டும் மெல்ல மெல்ல அடைத்துப்போயின.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஜெனிட்டா பிடிவாதம் பிடித்ததால், மதுரையில் ஒரு கடையில் காது மிஷின் வாங்கினார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் கேட்டால் மூன்று நாள் கேட்காது. ஐந்து தடவை கடைக்குப் போனார்கள். ஐந்து தடவையும் துடைத்துத் தட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசித் தடவை கடைக்காரர், "மிஷின்ல ஒண்ணுமே இல்லம்மா. ஐயாதான் இன்னும் பழகல" என்றார்.

பொன்ராஜ் அதை நம்பிவிட்டார். ஊர் திரும்பும் பஸ்ஸில், "என் மேலதான் தப்பு போல, பூரணி" என்றார். மிஷின் கெட்டதைக்கூட ஞானபூரணி பொறுத்திருப்பார். இதைப் பொறுக்க முடியவில்லை.

விருதுநகரில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். இவ்வளவு சின்ன விஷயத்துக்குக் கேஸா என்றார் அவர். ஆனால் அவருடைய குமாஸ்தா வாசல் வரை வந்து, நுகர்வோர் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நாமே மனு கொடுக்கலாம், நாமே பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.

"நீ கோர்ட்டுல பேசுவியா?" என்று கேட்டார் பொன்ராஜ்.

"உங்களுக்குக் காது கேக்கலங்கிறத என்னயவிட வேற யாரு சொல்ல முடியும்?"

மனுவைத் தன் கையாலேயே எழுதினார். பக்க எண் இல்லை என்று ஒரு தடவை திரும்பி வந்தது. வாரண்டி அட்டையின் நகல் குறைகிறது என்று இன்னொரு தடவை வந்தது. ஞானபூரணி அலுத்துக்கொள்ளவில்லை. மேலதிகாரிகள் திருப்பி அனுப்பிய எத்தனையோ பதிவேடுகளைத் திருத்திக் கொடுத்த கை அது. மிஷின் எந்தெந்தத் தேதியில் கேட்டது, எந்தெந்தத் தேதியில் கேட்கவில்லை என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி, அதையும் சேர்த்துக் கொடுத்தார்.

முதல் வாய்தாவில் அவர் பேச ஆரம்பித்ததும் வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நுகர்வோர் ஆணையத்தின் தலைவர் சிரித்துக்கொண்டே, "மெதுவாவே பேசுங்கம்மா, எனக்கு நல்லாக் கேக்கும்" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க அய்யா. வீட்டுல பேசிப் பேசி இப்படி ஆயிருச்சு."

கடைக்காக வந்த வக்கீல் மகேஷ்குமார் இளைஞர், மரியாதையானவர். மூன்றாவது வாய்தாவில் அவர் எழுந்து, மிஷின் நன்றாக வேலை செய்கிறது, இப்போதே காட்டுகிறேன் என்றார். மிஷினைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த பொன்ராஜிடம் திரும்பினார்.

"ஐயா, உங்க பேரு என்ன?"

"பொன்ராஜ்."

"எந்த ஊரு?"

"ஆமத்தூரு."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லிங்க."

மகேஷ்குமார் தலைவரைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு மிஷின் செத்துக் கிடக்கிறது என்பது ஞானபூரணிக்குத் தெரியும். பிறகு பொன்ராஜ் எப்படிப் பதில் சொன்னார்? யோசித்த உடனே புரிந்தது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வது பொன்ராஜின் பழக்கம். வீட்டில் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றுதான் ஞானபூரணி எதையும் சொல்வார். அது அத்தனை சாதாரணமாகிப் போயிருந்ததால் மனுவில் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

"அய்யா, வக்கீல் சார் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும். ஆனா கையில இருக்கிற ஃபைல வாய்க்கு நேராப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கணும்."

மகேஷ்குமார் ஆட்சேபித்தார். தலைவர், "கேளுங்க, அதனால என்ன?" என்றார்.

ஃபைலுக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது. "ஐயா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

பொன்ராஜ் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். ஃபைலுக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. எல்லோரும் காத்திருப்பது புரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "தேங்காச் சட்னிங்க" என்றார்.

அறையே சிரித்தது. ஞானபூரணி மட்டும் சிரிக்கவில்லை. என்னவோ தப்பாகிவிட்டது என்று பொன்ராஜின் முகம் வாடுவதைப் பார்த்ததும், யாரிடமும் கேட்காமல் நேரே அவரிடம் போனார். அவர் முகத்துக்கு முன்னால் குனிந்து, "ஒண்ணுமில்லைங்க. நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீக" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. மகேஷ்குமார் ஃபைலைக் கீழே வைத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவரே வந்து, "இப்படிக் கேக்கணும்னு எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டார்.

"முப்பத்தஞ்சு வருசக் குடித்தனம், தம்பி" என்றார் ஞானபூரணி. டிபன் பாக்ஸைத் திறந்து அவருக்கும் ஒரு முறுக்கு கொடுத்தார்.

ஒன்றரை மாதத்தில் உத்தரவு வந்தது. கடை புது மிஷின் கொடுக்க வேண்டும். பழையதில் குறை இருந்தது என்றும், பொன்ராஜ் மேல் தவறில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை ஞானபூரணி அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

புது மிஷினோடு பொன்ராஜ் போன முதல் ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒன்றே கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பாதியில் பொன்ராஜ் மனைவி பக்கம் சாய்ந்து, "எல்லா வாரமும் இம்புட்டு நேரமா பேசுறாரு?" என்று கேட்டார்.

"பேசாம இருங்க" என்றார் ஞானபூரணி, தன்னையறியாமல் கிசுகிசுப்பாக. அது அவருக்குக் கேட்டது.